எதையும் பிடிக்காத ஊக்கு

கடையில் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு கில்ட்டைக் கிழித்தேன். என் கையில் இருந்தபோது கிழியவில்லை. நாற்பது மைல் தள்ளி ஒரு சர்ச்சில், மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்தபோது கிழிந்தது. ஆனாலும் பழி என்னுடையதுதான்.

கில்ட் என்றால் ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும், கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடை. எடின்பரோவில் அதை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையின் பின்னறையில் எனக்கு வேலை. முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி, மஞ்சள் விளக்கு, நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவெடுக்கும் பையன்கள். பின்பக்கம் நீராவி இஸ்திரி, ஊசி, நூல், நான். வியாழக்கிழமை வெளியே போன கில்ட்டுகள் திங்கட்கிழமை திரும்பி வரும். ஒவ்வொன்றையும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எங்கே கறை, எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. கறையை மன்னித்துவிடலாம். ஓட்டையைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

அன்றைக்கு முன்பக்கம் ஆள் போதவில்லை. ஒரு பையனுக்கு உடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொன்னார்கள். சட்டை, கோட்டு, முட்டிவரை காலுறை, இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பை, காலுறைக்குள் செருகிய சின்னக் கத்தி எல்லாம் ஆயிற்று. கடைசியில் அந்த ஊக்கு. விரல் நீளத்துக்கு ஒரு வாள், அதன் பிடியில் ஸ்காட்லாந்தின் முட்பூ. வலது பக்கம் கீழ் மூலையில் குத்த வேண்டும் என்று மட்டும் தெரியும். பதினைந்து வருஷமாகப் புடவைக்கு ஊக்குக் குத்திய கை சும்மா இருக்குமா? மேல் துணி, அடித்துணி இரண்டையும் சேர்த்துப் பிடித்து, புயலடித்தாலும் அசையாதபடி கெட்டியாகக் குத்திவிட்டேன். எனக்கே ஒரு திருப்தி.

கில்ட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நான் செய்த தப்பு புரியும். முழு அளவு கில்ட்டுக்கு எட்டு கெஜம் துணி. நம்ம மடிசாரைவிட ஒரு கெஜம்தான் குறைச்சல். அதில் பெரும்பகுதி பின்பக்கக் கொசுவத்துக்கே போய்விடும். முன்பக்கம் கொசுவம் கிடையாது. தட்டையாக இரண்டு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று. இடுப்பில் தோல் வாரும் பக்கிளும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். கீழே அந்த இரண்டு அடுக்கும் தன் போக்கில் நகர வேண்டும். நடந்தால் ஒன்று முன்னே போகும், உட்கார்ந்தால் ஒன்று பக்கவாட்டில் இழுக்கும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் இழுக்கிற இழுப்பு முழுதும் ஊசி முனையில்தான் வந்து விழும். அந்தப் பையன் உட்கார்ந்தான், துணி கிழிந்தது.

எங்கள் கடையில் கில்ட் தைக்கும் மூத்த அம்மா ஒருவர் உண்டு. மனசுக்குள் அவருக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். கிழிந்த கில்ட்டை மேஜையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே பெரியவர்கள் இளையவளைச் செல்லமாகக் கூப்பிடுவது 'ஹென்' என்று. பெட்டைக்கோழி என்றுதான் அர்த்தம், ஆனால் காதில் விழும்போது நம்ம 'கண்ணு' மாதிரி இருக்கும்.

"மேல் துணியில மட்டும்தான் குத்தணும், ஹென்."

"அப்படின்னா அது எதைப் பிடிக்கும்?"

"எதையும் பிடிக்காது."

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா தாலிக்கொடியில் எப்போதும் மூன்று ஊக்கு தொங்கும். வளையலில் இரண்டு. பிளவுஸ் ஹூக் தெறித்த பக்கத்து வீட்டுக்காரி, புத்தகப்பை வார் அறுந்த பேத்தி என்று அவசரத்துக்கு எல்லாரும் அம்மாவிடம்தான் வருவார்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "எதையும் பிடிக்காத ஊக்கை எதுக்குடி குத்தறாங்க, கையில குத்திக்கவா?" என்றாள்.

எனக்கும் அதே கேள்விதான். பதில் தேடப் போய்த்தான் இந்த ஊக்குப் பைத்தியம் பிடித்தது.

முன்பக்கத்துப் பையன்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு கதை சொல்வார்கள். விக்டோரியா மகாராணி பால்மோரல் அரண்மனையில் காவலுக்கு நின்ற சிப்பாயைப் பார்த்தாராம். காற்று பலமாக அடித்ததாம். அவன் கில்ட் பறந்து மானம் போகாமல் இருக்கத் தன் தலையிலிருந்தோ உடையிலிருந்தோ ஒரு ஊசியை எடுத்துத் தானே குத்திவிட்டாராம். கடைக்குக் கடை இந்தக் கதை மாறும். ஒரு கடையில் கொண்டை ஊசி, இன்னொரு கடையில் தொப்பி ஊசி. ஆதாரம் என்று யாரும் எதையும் காட்டுவதில்லை. கதை நன்றாக இருப்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ராணி பால்மோரலை முதலில் வாடகைக்கு எடுத்தது 1848ல். அதற்கு அடுத்த வருஷம், 1849 ஏப்ரலில், நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்பவர் கம்பியை வளைத்து, சுருள் வைத்து, முனைக்கு மூடி போட்ட ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 15 டாலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். உலகத்துப் பெண்கள் எல்லாருக்கும் அந்த மனுஷரிடம் கொஞ்சம் கடன் பாக்கி உண்டு.

ஆனால் பிடிக்கிற ஊசி ஸ்காட்லாந்துக்குப் புதிது இல்லை. ஸ்கை தீவுக்காரர் மார்ட்டின் மார்ட்டின் 1703ல் வெளியிட்ட மேற்குத் தீவுகள் பற்றிய பயண நூலில் அரிசாட் என்ற பெண்கள் உடையைப் பற்றி எழுதியிருக்கிறார். கழுத்திலிருந்து குதிகால் வரை சுற்றும் வெள்ளைப் போர்வை, அதில் கருப்பு, நீலம், சிவப்பில் மெல்லிய கோடுகள். மார்பில் அதைச் சேர்த்துப் பிடிக்க ஒரு வெள்ளி அல்லது பித்தளை வட்டம், சாதாரணத் தட்டு அளவுக்கு அகலம், மேலெல்லாம் மிருக உருவங்கள். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பணத்தில் நூறு மார்க் மதிப்புள்ள வெள்ளி வட்டங்களைப் பார்த்திருப்பதாகவும் சொல்கிறார். தட்டு அளவு! அதைப் படித்தபோது என் மாமியாரின் ஒட்டியாணம் ஞாபகம் வந்தது.

அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹண்டர்ஸ்டன் புரோச் என்று பெயர். புரோச் என்றால் அலங்கார ஊசி. கி.பி. 700 வாக்கில் செய்தது. வெள்ளி, தங்கம், அம்பர் கல், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியான கம்பி வேலை. எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பிடித்தது பின்பக்கம். செய்து இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து அது யார் கைக்கோ போயிருக்கிறது. அந்த ஆள் ஸ்காண்டிநேவியர்களின் பழைய ரூன் எழுத்தில், இந்தப் புரோச் மெல்பிரிக்தாவுக்குச் சொந்தம் என்று கீறி வைத்திருக்கிறார். எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவது போலத்தான்.

அந்தப் புரோச் வகையைச் சேர்ந்த எளிய வளையங்கள் இன்றைக்கும் விற்பனைக்கு உண்டு. வளையத்தில் ஒரு வாய் திறந்திருக்கும், நீளமான ஒரு ஊசி வளையத்தைச் சுற்றி ஓடும். ஊசியைத் துணியில் ஏற்றி மறுபக்கம் எடுத்து, வளையத்தின் வாய் வழியாக நுழைத்து, வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் முடிந்தது. சுருள் வேண்டாம், மூடியும் வேண்டாம். கில்ட்டுக்கு வழக்கமான வாள் ஊக்கு வேண்டாம் என்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் பின்னறைக்காரி சொல்கிறேன், இது கில்ட்டுக்கு எதிரி. அந்த ஊசி முரட்டுக் கம்பளிக்காக, நூல் இடைவெளி அதிகமுள்ள போர்வைக்காக உண்டானது. இன்றைய கில்ட் துணி நெருக்கமாக நெய்த ட்வில், அதாவது சாய்வாக வரி ஓடும் நெசவு. தீக்குச்சிக் கனத்துக்கு ஒரு கம்பி அதில் ஏறினால் அந்த இடம் அவ்வளவுதான். அதையே தோளில் போடும் தடித்த போர்வையில் குத்திக்கொண்டால் ராஜா மாதிரி இருக்கலாம்.

சரி, வாள் ஊக்கு ஏன் வேண்டாம் என்கிறார்கள்? அழகில்லை என்பது ஒரு காரணம். வாடகைத் தட்டில் இருப்பவற்றில் பாதி துத்தநாக வார்ப்பு. பூவில் பூ இருக்காது, சிங்கத்தின் முகம் பூனை மாதிரி இருக்கும். இன்னொரு காரணம் கொஞ்சம் நுட்பமானது. தட்டில் கிளான், அதாவது குலச் சின்னம் போட்ட ஊக்குகளும் இருக்கும். நடுவில் ஒரு மிருகத் தலையோ கையோ கோட்டையோ, சுற்றி வட்டமாக வாரும் பக்கிளும், அதில் ஒரு முழக்க வாசகம். அந்தச் சின்னம் குலத் தலைவருக்கு உரியது. வார் வளையத்துக்குள் போட்டு அணிந்தால், நான் இந்தத் தலைவரின் ஆள் என்று சொல்வதாக அர்த்தம். சின்னங்களுக்கென்றே லார்ட் லயன் என்ற பதவியும் அதற்கு ஒரு நீதிமன்றமும் இந்த ஊரில் இருக்கின்றன. மற்றபடி யார் எந்த டார்டனை, அதாவது கட்டம் போட்ட கில்ட் துணியைப் போட்டாலும் யாரும் பிடித்து உள்ளே போடப் போவதில்லை. ஆனாலும் பெண்ணெடுத்த வீட்டுக்காக முதல் தடவை கில்ட் போடும் போலந்துக்காரர், பஞ்சாபிப் பையன், என் கணவர் மாதிரி ஆட்கள், யாரோ ஒரு குலத்தின் சின்னத்தைத் தொடைக்குப் பக்கத்தில் குத்திக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் பிடிக்கும்.

கில்ட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பகலுக்குத் தோல் ஸ்போரன், ராத்திரி விருந்துக்கு ரோமம் வைத்தது. கத்தி எந்தக் காலில், காலுறை மடிப்பு முட்டிக்குக் கீழே எத்தனை விரற்கடை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். இவ்வளவு கெடுபிடியும் ஆதியிலிருந்தே வந்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணை கேட்டு எழுந்த ஜாக்கபைட் கலகத்தை அடக்கிய கையோடு 1746ல் ஹைலேண்ட் என்ற வடக்கு மலைநாட்டின் உடையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் சிறை, மறுபடி மாட்டினால் ஏழு வருஷம் கடல் கடந்த காலனிக்கு நாடுகடத்தல். பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. 1782ல்தான் அந்தச் சட்டம் போனது. அதற்குள் ஊரில் கில்ட் கட்டும் பழக்கம் பெரும்பாலும் விட்டுப் போய், பட்டாளத்தின் சீருடை ஒழுங்குதான் மிஞ்சியிருந்தது. 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று எல்லாருக்கும் டார்டன் மாட்டிவிட்டார். மன்னரும் மாட்டிக்கொண்டார், கில்ட்டுக்குக் கீழே ரோஸ் நிறத்தில் இறுக்கமான காலுடையோடு. பட்டாளம் ஒரு பக்கம், அரண்மனை ஒரு பக்கம் என்று சேர்ந்து வந்த விதிகள் இவை. ஊக்கு மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. எங்கே குத்த வேண்டும், எத்தனை அடுக்கில் குத்த வேண்டும் என்று சொல்வார்கள். எதைக் குத்த வேண்டும் என்று கேட்டால் பெரியம்மா தோளைக் குலுக்குவார்.

அதனால்தான் திங்கட்கிழமைகளில் எனக்குச் சுவாரசியம். கில்ட்டில் மறந்துபோய் விட்டு வரும் சொந்த ஊக்குகளைக் கழற்றி, காகித உறையில் போட்டு, பெயரெழுதி வைப்பதும் என் வேலைதான். ஏழெட்டு வருஷத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

லக்கன்பூத் என்று ஒரு வகை. கிரீடம் வைத்த இதயம், சில சமயம் இரண்டு இதயம் பின்னிக்கொண்டிருக்கும். ராயல் மைல் தெருவில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி முன்பு பூட்டுப் போட்ட கடைகள் வரிசையாக இருந்தன. 'லக்கன்' என்றால் பூட்டிய என்று பொருள். அங்கே வெள்ளித் தட்டான்கள் விற்ற சாமான் என்பதால் அந்தப் பெயர். நிச்சயம் ஆன பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுப்பது வழக்கம். பிறகு அதையே குழந்தையின் சால்வையில் குத்தி வைப்பார்கள், கண் படாமல் இருக்க, தேவதைகள் குழந்தையைத் தூக்கிப் போகாமல் இருக்க. அதாவது, அம்மா வைக்கும் திருஷ்டிப் பொட்டு, இங்கே வெள்ளியில். ஒரு முறை ஒரு மாப்பிள்ளை தன் பாட்டியின் லக்கன்பூத்தைக் கில்ட்டில் குத்தி வந்தார். கட்டை விரல் நகம் அளவுதான் இருந்தது. அவ்வளவு பெரிய கில்ட்டில் அந்தச் சின்ன இதயம் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்க்க வேண்டும். தேடிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் குத்தியிருப்பார்.

இன்னொரு வகை என்னை அலற வைத்தது. உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு பறவையின் கால். நிஜக் கால். நகம், செதில், கணுக்கால் வரை வெள்ளை இறகு, வெட்டிய இடத்தில் வெள்ளிப் பூண், பூணில் தேன் நிறக் கல். க்ரௌஸ் என்ற காட்டுக்கோழியின் கால் அது. வருஷா வருஷம் ஆகஸ்ட் 12 அன்று வேட்டை தொடங்கும். விக்டோரியா காலத்துச் சீமான்களுக்கு வேட்டை நினைவாக இதை அணிவதில் அப்படி ஒரு மோகம். கல்லின் பெயர் கெய்ர்ன்கார்ம், அந்தப் பெயரில் உள்ள மலையில் கிடைத்த புகைநிறக் குவார்ட்ஸ். பெரியம்மா அந்தக் காலைச் சாதாரணமாகக் கையில் எடுத்து, இறகைத் தடவி, "என் தாத்தாவிடம் ஒன்று இருந்தது" என்றார். நான் அன்றைக்குக் கையை மூன்று முறை கழுவினேன்.

மனசுக்கு நெருக்கமானவை போர்க்கால பேட்ஜுகள். கணவனோ மகனோ சேர்ந்த ரெஜிமென்டின் சின்னத்தைச் சின்னதாகச் செய்து, பின்னால் ஊசி வைத்து, வீட்டிலிருக்கும் பெண்கள் குத்திக்கொள்வார்கள். ஸ்வீட்ஹார்ட் புரோச் என்று பெயர். பாட்டி கோட்டில் குத்தியிருந்ததைப் பேரன் கில்ட்டில் குத்துகிறான். அதில் பெரிய அழகு ஒன்றும் இல்லை, எனாமல் உதிர்ந்திருக்கும். ஆனாலும் அந்த மாதிரி ஒன்றைக் கழற்றும்போது வேறு வேலையை நிறுத்திவிட்டுத்தான் கழற்றுவேன். ஊக்கே இல்லாத வழியும் பட்டாளத்தில் உண்டு. சில ஹைலேண்ட் ரெஜிமென்டுகளின் கில்ட்டில் முன்பக்க ஓரத்தில் பட்டு நாடாவைப் பூ முடிச்சாகத் தைத்திருப்பார்கள். ஓட்டை விழாத ஒரே அலங்காரம் என்று என் ஓட்டு அதற்குத்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் கேட்பதில்லை.

செல்லாக்காசுக்கும் இங்கே மரியாதை கிடைக்கிறது. 1968 முதல் 2008 வரை வந்த 5 பென்ஸ் நாணயத்தில் கிரீடம் வைத்த முட்பூ உண்டு. 1990ல் நாணயத்தைச் சிறிதாக்கியதும் பழைய பெரிய காசு செல்லாமல் போய்விட்டது. அந்தப் பெரிய காசைப் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்து, பின்னால் ஊசி பற்றவைத்து ஒரு மாமனார் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். கடைத் தட்டில் இருக்கும் எந்த முட்பூவையும்விட அதில் இருப்பது நல்ல முட்பூ. யோசித்துப் பார்த்தால், நாணயச் சாலைக்காரன் செதுக்கியதல்லவா?

பிட்லாக்ரி ஊரில் ஹெதர்ஜெம்ஸ் என்று செய்கிறார்கள். மலையில் ஊதாவாகப் பூக்கும் ஹெதர் செடியின் தண்டுகளைக் காயவைத்து, சாயமேற்றி, அழுத்திக் கட்டியாக்கி, குறுக்கே அறுத்து மெருகேற்றுவது. ஒவ்வொரு தண்டின் வெட்டு முகமும் ஒரு புள்ளி. பச்சை, மஞ்சள், ஊதா என்று கலர் கலராக, மிட்டாய் மாதிரி இருக்கும். பெரியம்மாவுக்கு இது பிடிக்காது, சுற்றுலாச் சாமான் என்பார். எனக்குப் பிடிக்கும். எடை குறைவு என்பது பின்னறைக் காரணம்.

எடைதான் முக்கியம். கில்ட்டைக் காற்றில் பறக்கவிடாமல் கனத்துக்காகத்தான் ஊக்கு என்று சிலர் சொல்வார்கள். எட்டு கெஜம் கம்பளிக்கு இந்தச் சின்ன ஊக்கு என்ன கனம் சேர்க்கப் போகிறது? கனமான ஊக்கு துணியைக் கீழே இழுக்கும், முன்பக்கம் கோணும், ஓட்டை நீளும். வெள்ளியில் செய்தால் மெல்லியதாகச் செய்யலாம். இங்கே ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் 925, நம்ம ஊர்த் தங்கத்துக்கு 916 மாதிரி. 7.78 கிராமுக்குக் கீழே இருந்தால் ஹால்மார்க் கட்டாயம் இல்லை. அதற்கு மேலே இருந்தால் எடின்பரோவில் முத்திரையிட்டதில் மூன்று கோபுரக் கோட்டைச் சின்னம் இருக்கும். லென்ஸை வைத்து அந்தப் பொடிக் கோட்டையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். பழைய துண்டுகளில் அதன் பக்கத்திலேயே ஒரு முட்பூவும் இருக்கும்.

ஓட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதானே என் பிழைப்பு. ஊசியைக் குத்துவதில் இரண்டு விதம். நூலின் மேலேயே ஏற்றினால் நூல் அறும், அறுந்தது அறுந்ததுதான். இரண்டு நூலுக்கு நடுவே நுழைத்தால் நூல் விலகிக்கொடுக்கும். ஊக்கைக் கழற்றியதும் ஈரத்துணி போட்டு நீராவி காட்டி, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தேய், விலகிய நூல் பழையபடி சேர்ந்துகொள்ளும். கம்பளியின் நல்ல குணம் அது, பட்டு அப்படிச் செய்யாது. அதனால் முனை மழுங்கிய மலிவு ஊக்கைவிட மெல்லிய கூர் ஊக்கே மேல். அறுந்துபோன இடத்தை எடுத்துக் கட்ட, அதே துணியின் நூல் வேண்டும். கில்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பது கிடையாது, துணியின் கரையேதான் கீழ் ஓரம். அங்கே உருவ நூல் இருக்காது. இடுப்புப் பக்கம் கொசுவத்துக்கு உள்ளே மறைந்திருக்கும் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக்கொள்வேன். பிறகு இரண்டு நூலுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று ட்வில் ஓடுகிற வழியிலேயே ஊசியை ஓட்டி நெய்ய வேண்டும். நகம் அளவு ஓட்டைக்கு முக்கால் மணி நேரம். அந்த மாப்பிள்ளைத் தோழனின் கில்ட்டுக்கு நான்கு நாள் ஆயிற்று. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், கை வைக்கவில்லை.

நானும் அவருக்கு ஒன்று கற்றுக்கொடுத்தேன். பட்டுப்புடவை முந்தானையில் ஊக்குக் குத்தும்போது சுருளுக்குள் சரிகை மாட்டிக்கொள்ளும் அல்லவா? அதைத் தடுக்க ஊசியில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டுக் குத்துவோம். மணி சுருள்வரை போய் உட்கார்ந்துகொள்ளும், துணி அதைத் தாண்டிப் போகாது. கில்ட் ஊக்கில் மணியைக் கோத்துக் காட்டினேன். கூடவே துணிக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு ஃபெல்ட் வட்டம், எடையைத் தாங்க. பெரியம்மா ஊக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வருஷத் தொழில். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். அம்மா என்றேன். அடுத்த வாரம் எங்கள் கடையின் வாடகை ஊக்குகள் எல்லாவற்றிலும் மணி ஏறியிருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு டப்பா மணி வாங்கி அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

காந்தம் வைத்த அலங்காரமும் வர ஆரம்பித்திருக்கிறது. முன்னால் ஒரு வில்லை, பின்னால் ஒரு காந்தம், ஓட்டையே இல்லை. நான்தான் முதலில் குதித்தேன். ஆனால் உட்காரும்போது நழுவுகிறது, ஸ்போரனின் சங்கிலியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் பார் கவுண்டரில் சாய்ந்து நின்றுவிட்டு நகர்ந்தபோது வில்லை கவுண்டரின் இரும்புக் கம்பியிலேயே தங்கிவிட்டதாம்.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள், மூக்கில் வளையம், பாதி மொட்டை. சொந்தக் கில்ட்டில் கீழ் மூலையில் சாதாரண ஊக்கு, அம்மாவின் தாலியில் தொங்குமே அதே ஊக்கு, வரிசையாகப் பதினொன்று. 1970களில் பங்க் என்ற கலக இசைக் கூட்டம் லண்டனில் டார்டன் துணியையும் ஊக்கையும் கையில் எடுத்து, கிழித்து, குத்தி, மரியாதையான எல்லாவற்றையும் கேலி செய்தது. அந்த வழி வந்தவள். அவள் போனதும் பெரியம்மா ஏதாவது திட்டுவார் என்று பார்த்தேன். "மேல் துணியில மட்டும்தான் குத்தியிருக்கா" என்றார்.

எனக்கும் சொந்தமாக ஒன்று செய்ய ஆசை வந்தது, மகனுக்காக. இங்கே பள்ளிகளில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் உடற்பயிற்சி வகுப்பில் கேலி நடனங்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கேலி என்றால் நம்ம கேலி இல்லை, பிடிலும் அக்கார்டியனும் வைத்து ஊரே ஆடும் ஆட்டம். வருஷக் கடைசியில் பள்ளியில் ஒரு மாலை முழுக்க ஆட்டம். மகனுக்குப் பதினொரு வயது. கடையில் கழித்துக் கட்டிய சின்னக் கில்ட் ஒன்றைக் கொண்டுவந்தேன். ஊக்குக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் கால்பந்து பேட்ஜ் என்றான். நான் விடவில்லை.

பழைய சாமான் விற்கும் தர்மக் கடையில் ஒரு பவுண்டுக்குப் பழைய முள்கரண்டி ஒன்று கிடைத்தது. வெள்ளி முலாம், காம்பில் கொடி வேலைப்பாடு. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இடுக்கியின் வாயில் துணி சுற்றி (இல்லாவிட்டால் பல் தடம் விழும்), வெளி முள் இரண்டையும் வெளிப்பக்கமாகச் சுருட்டினேன், உள் முள் இரண்டையும் உள்பக்கமாக. கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும், ஒரே அமுக்காக அமுக்கினால் கழுத்தில் விரிசல் விடும். காம்பைக் கணவர் ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார். பின்னால் ஊசிக் கட்டையைப் பசை போட்டு ஒட்டினேன். பளபளப்பைச் சுரண்டாமல் ஒட்டியதால் மறுநாளே கழன்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி ஒட்டினேன், நின்றது. பார்ப்பதற்கு ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி, இல்லை, கோலத்தில் ஒரு மூலை மாதிரி. மணியும் கோத்தேன், ஃபெல்ட்டும் வைத்தேன். மகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஃபோர்க்" என்றான். ஆனாலும் குத்திக்கொண்டு போனான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தான். ஸ்ட்ரிப் த வில்லோ என்ற ஆட்டத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசை நெடுகச் சுழற்றிவிடுவார்கள். அதில் எவனோ சுழற்றிய வேகத்தில் முள்கரண்டி பறந்துவிட்டதாம். தேடவில்லையா என்றேன். ஆட்டம் நடக்கும்போது எப்படித் தேடுவது என்றான். கில்ட்டின் கீழ் மூலையில் ஏதோ மின்னியது. ஆசிரியையின் மேஜையிலிருந்து எடுத்த பேப்பர் கிளிப், ஒரு முனையை வளைத்து, ஓரத்துக் குஞ்சத்தில் மாட்டியிருந்தான். "ஒண்ணும் இல்லாம இருந்தா நல்லா இல்ல, அதான்."

அவன் தூங்கியதும் கில்ட்டை எடுத்து, பழக்க தோஷம், விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கரண்டி பிய்த்துக்கொண்டு போன இடத்தில் மூன்று நூல் அறுந்திருந்தது. பேப்பர் கிளிப் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று நூலையும் எடுத்துக் கட்ட ஊசியில் இழையைக் கோத்தேன். கிளிப்பைக் கழற்றவில்லை.